மைனஸ் இரண்டு

அந்த வரியை நான் எழுதியபோது பகல் மூன்று மணி இருக்கும். வாயில் எங்கள் ஊர்க் கடலைமிட்டாய் இருந்தது. விசாரணையில் "அப்போது உங்கள் மனநிலை என்ன?" என்று கேட்டார்கள், அதனால் சொல்கிறேன். மனநிலை என்று ஒரு மண்ணும் இல்லை. மிட்டாய் கடைவாய்ப்பல்லில் ஒட்டிக்கொண்டது. அதை நாக்கால் நெம்பிக்கொண்டே தட்டினேன். பிழை எதுவும் காட்டாமல் நிரல் கம்பைல் ஆனது. எழுந்து டீ குடிக்கப் போய்விட்டேன்.

என் பெயர் செண்பகவல்லி. கோவில்பட்டிக்காரி. மதுரையில் ஒரு மருத்துவக் கருவி நிறுவனத்தில் பதினெட்டு வருடம் சி மொழியில் நிரல் எழுதினேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள், "இன்னுமா மேடம் இதுல எழுதறீங்க?" என்று கேலி செய்வார்கள். கட்டில் ஓரத்தில் வைக்கிற சின்னப் பெட்டிக்கு அதுதான் சரிப்படும் என்று நானும் பெருமையாகப் பதில் சொல்வேன்.

பெட்டிக்கு 'மறுநா', அதாவது மறு நாக்கு, என்று பெயர் வைத்தவன் கிருபாகரன். என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்து, எனக்கு மேலதிகாரியாகி, அப்படியும் நண்பனாகவே இருந்தவன். பக்கவாதத்திலோ விபத்திலோ உடம்பு முழுக்க முடங்கிப்போய், பேச்சும் அசைவும் இல்லாமல் கிடக்கிறவர்களின் மண்டைக்குள் அரிசி அளவில் ஒரு சில்லை வைப்பார்கள். அவர் மனதுக்குள் ஓர் எழுத்தை நினைத்தால் சில்லு அதை மூன்று படியாகப் பிடிக்கும். முதலில் எந்த மொழி, அடுத்து எந்த வரிசை, கடைசியில் எந்த எழுத்து. படிக்கு ஒரு பைட். மூன்று பைட் சேர்ந்தால்தான் ஒரு தமிழ் எழுத்து. ஆங்கிலத்துக்கு ஒரே படி, ஒரே பைட். பேட்டரியை மிச்சம் பிடிக்க வேண்டும் என்பதால், அரை நொடிக்கு ஒரு தடவை அதுவரை சேர்ந்ததைப் பொட்டலம் கட்டி வெளியே அனுப்பிவிடும். பெட்டியில் இருக்கும் என் நிரல் அந்தப் பைட்டுகளை வாங்கி, முழு எழுத்தாக மாற்றித் திரையில் காட்டும்.

அப்படி மாற்றுவதற்கு சி மொழியில் ஏற்கெனவே ஒரு சார்பு, அதாவது ஃபங்ஷன், உண்டு. நான் பிறப்பதற்கு முன்பே யாரோ எழுதி வைத்தது. எழுத்து கிடைத்துவிட்டால் அது எத்தனை பைட் என்று சொல்லும். மைனஸ் ஒன்று என்று சொன்னால், வந்தது எழுத்தே இல்லை, குப்பை. மைனஸ் இரண்டு என்று சொன்னால், இதுவரை வந்தது சரிதான், ஆனால் எழுத்து இன்னும் முடியவில்லை, மிச்சம் வரும்வரை காத்திரு. இவ்வளவுதான் விஷயம்.

நான் முதலில் எழுதிய நிரல் ஒழுங்காகக் காத்திருந்தது. மைனஸ் இரண்டு வந்தால் திரையில் ஒரு புள்ளி வைத்துவிட்டு, வந்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு மிச்சத்துக்காக நிற்கும். அமைச்சர் முன்னால் செய்துகாட்டுவதற்கு இரண்டு நாள் இருந்தபோது கிருபா வந்து எட்டிப் பார்த்தான்.

"என்ன செண்பா, கோலம் போட்டு வச்சிருக்க? ஒரே புள்ளியா இருக்கு."

"இன்னும் முடிக்கலைன்னு அர்த்தம்."

"அமைச்சருக்கு இதெல்லாம் நின்னு விளக்க முடியுமா? எழுத்து வந்தா காட்டு. வரலையா, ஒண்ணும் காட்டாத. சுத்தமா இருக்கணும்."

சரி என்றேன். புள்ளியை மட்டும் எடுத்திருக்கலாம். அதற்குத் திரை எழுதும் பகுதிக்குப் போய் நாலு இடத்தில் மாற்ற வேண்டும். சோம்பேறித்தனம். மைனஸ் ஒன்றோ மைனஸ் இரண்டோ, எது வந்தாலும் பொட்டலத்தைத் தூக்கிப் போடு, புதிதாக ஆரம்பி என்று ஒரே வரியில் முடித்தேன். முதல் துண்டைத் தூக்கிப் போட்டால் அடுத்த பொட்டலத்தில் வருகிற துண்டுகள் தலையில்லாத முண்டம். அவையும் குப்பைக்குத்தான் போகும். அது எனக்குத் தெரியாதா? தெரியும். விழா முடிந்ததும் பழையபடி மாற்றிவிடலாம் என்று நினைத்தேன்.

விழாவில் பேசிக் காட்டியவர்கள் விபத்தில் அடிபட்ட இரண்டு கல்லூரி மாணவர்கள். அரை நொடிக்குள் முழு எழுத்தையும் நினைத்துவிடும் வயசு. ஒருவன் ஆங்கிலத்திலேயே பேசினான். கைதட்டல் ஓய ரொம்ப நேரம் ஆனது. அந்த வரி அப்படியே நின்றுவிட்டது.

ஒரு மாதம் கழித்து சோதனைப் பிரிவில் இருந்த நசீமா என் மேசைக்கு வந்தாள். "மேடம், மெதுவா நினைச்சா தமிழ்ல ஒரு எழுத்துகூட வரமாட்டேங்குது. அதே ஸ்பீடுல இங்கிலீஷ் வருது. ஒரு தடவை பாருங்களேன்." நான் பார்க்கவில்லை. அவள் எழுதி அனுப்பிய புகாரின் கீழே, 'பயன்படுத்துபவரின் வேகம் போதாது, நிரலில் பிழை இல்லை' என்று பதில் போட்டு மூடினேன். உயிரோடு கிடப்பதற்கு ஒரு குறைந்தபட்ச வேகம் வைத்த மகராசி நான்தான்.

அதற்கப்புறம் சட்டம் வந்தது. மறுநா பொருத்தியவர்களுக்கு வருடத்துக்கு ஒரு தேர்வு. இருபது கேள்வி, கேள்விக்கு ஒரு நிமிடம். ஒன்றுக்கும் பதில் வராவிட்டால் 'அகமௌனம்' என்று சான்று. மூன்று வருடம், மூன்று சான்று ஆகிவிட்டால், உள்ளே ஆள் இல்லை என்று சட்டம் ஏற்றுக்கொள்ளும். குடும்பத்தார் கையெழுத்துப் போட்டால் சுவாச இயந்திரத்தை நிறுத்தலாம். அநியாயச் சட்டம் என்று நான் சொல்ல மாட்டேன். வருடக்கணக்கில் கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்து நொந்துபோன குடும்பங்கள் கெஞ்சிக் கேட்டு வாங்கியது அது. அவர்கள் பெட்டியை நம்பினார்கள். பெட்டி என்னை நம்பியது.

ஐந்து வருடம் ஓடிவிட்டது. ஒரு திங்கட்கிழமை, பழைய நிரலைப் புது மாடல் பெட்டிக்கு மாற்றுவதற்காக வரி வரியாகப் படித்துக்கொண்டு வந்தேன். அந்த வரியில் வந்து நின்றேன்.  

தூக்கிப்போட்ட பைட்டுகளும் வந்தது வந்தபடி ஒரு கோப்பில் பதிவாகும். யாரும் அதைத் திறந்து பார்ப்பதில்லை. அந்த வாரம் மூன்றாம் தேர்வு யாருக்கு என்று பட்டியலைப் பார்த்தேன். இரண்டு பேர். இரண்டு பேரும் பாளையங்கோட்டைப் பக்கம் ஒரே காப்பகத்தில். புதன்கிழமை சவரிமுத்து. வெள்ளிக்கிழமை ஆவுடையப்பன், வயது ஐம்பத்தாறு, முக்கூடல், லேத் பட்டறை. ஆவுடையப்பனின் போன வருடத் தேர்வுக் கோப்பை எடுத்து, அந்த வரியை நீக்கிய நிரலில் ஓட்டினேன்.

முதல் கேள்வி, உங்கள் பெயர் என்ன? பதில் இல்லை. இரண்டாம் கேள்வி, உங்கள் ஊர் எது? 'ஆவுடையப்பன்' என்று பதில் வந்திருந்தது. மூன்றாவது, இன்று என்ன கிழமை? பதில், 'முக்கூடல்'. மனிதர் ஒவ்வொன்றுக்கும் சரியாகத்தான் பதில் சொல்லியிருக்கிறார், ஒரு நிமிடம் பிந்தி. ஆறாவது கேள்விக்கு மேல் அவருக்கே புரிந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லவில்லை. ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். எண்ணிப் பார்த்தேன், ஒன்பது தடவை.

'இருங்க, சொல்லுதேன்.'

அதன் கீழே எங்கள் பெட்டி எழுதியிருந்தது: பதில் வரவில்லை. தேர்வு முடிந்தது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை காலை கிருபாவின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். எல்லாவற்றையும் சொன்னேன்.  அவன் முகம் வெளுத்துப்போனது.

"இதுவரைக்கும் எத்தனை பேருக்கு மூணாம் சான்று ஆயிருக்கு?"

"முப்பத்தேழு."

"எல்லாரும் பேசியிருக்காங்களா?"

"தெரியல. ஒரு கோப்புதான் பாத்தேன். மத்ததைத் திறக்கப் பயமா இருக்கு கிருபா."

"திறக்காத." எழுந்து வந்து என் எதிரில் உட்கார்ந்தான். "நான் சொல்றதைக் கோபப்படாமக் கேளு. இந்த முப்பத்தேழு வீட்டுலயும் ஒரு பொண்டாட்டியோ பிள்ளையோ கையெழுத்துப் போட்டிருக்காங்க. உள்ள ஆள் இல்லைன்னு நம்பித்தானே போட்டாங்க? இப்பப் போய் இருந்தாங்கன்னு சொன்னா, அதுக்கப்புறம் அவங்க சோறு தின்பாங்களா? உன் மனசு லேசாகணுங்கறதுக்காக முப்பத்தேழு வீட்டுல கொள்ளி வைக்கப் போறியா?"

"அப்ப இந்த வாரம் ரெண்டு பேர்?"

"அவங்களை நான் பாத்துக்கறேன். சர்வர் பராமரிப்புன்னு மெடிக்கல் போர்டுக்கு எழுதி, தேர்வை எல்லாம் தள்ளி வைக்கச் சொல்றேன். மூணு வாரத்துல புது நிரல் போயிரும். யாருக்கும் ஒண்ணும் ஆகாது. நீ வீட்டுக்குப் போய்த் தூங்கு."

அவன் கெட்டவன் இல்லை. நான் நம்பினேன் என்று விசாரணையில் சொன்னேன். அது பாதி பொய். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. காப்பகத்தின் தொலைபேசி எண் பட்டியலிலேயே இருந்தது, பத்து எண். ஒரு தடவை அழுத்தி, "நாளைக்குத் தேர்வு வைக்காதீங்க" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் அழுத்தவில்லை. வீட்டுக்குப் போய் ரசம் வைத்துச் சாப்பிட்டேன்.

புதன்கிழமை பன்னிரண்டரை மணிக்குப் பட்டியலைத் திறந்தேன். சவரிமுத்து, மூன்றாம் சான்று, அகமௌனம். அதற்கு அடுத்த கட்டத்தில், 12.15, இயந்திரம் நிறுத்தப்பட்டது. கையெழுத்து அண்ணன் மகன்.

கிருபாவுக்குப் போன் செய்தேன். "விண்ணப்பம் நேத்தே குடுத்துட்டேன்பா," என்றான்.  "திங்கக்கிழமையிலேருந்துதான் தள்ளி வைப்பாங்களாம். இப்பத்தான் சொல்றாங்க."

அன்றைக்குக் காலையில் நடந்த அந்தத் தேர்வின் கோப்பைத் திறந்து ஓட்டினேன். அதில் இருந்ததைப் பிறகு சொல்கிறேன். இப்போது சொல்ல வாய் வரவில்லை.

வியாழக்கிழமை விடிந்ததும் மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினேன். மடியில் மடிக்கணினி. மருத்துவ வாரியத்துக்கு ஒரு கடிதம் எழுதி, கோப்புகள் எல்லாவற்றையும் சேர்த்து, அனுப்பாமல் வைத்திருந்தேன். முதலில் ஆவுடையப்பனைப் பேசவைத்துவிட வேண்டும், அதன்பின் அனுப்ப வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒருவராவது உயிரோடு இருந்து சாட்சி சொன்னால் என் பாவத்தில் கொஞ்சம் குறையும் என்கிற கணக்கு. பாளையங்கோட்டை வந்து சேரும்போது பத்தரை.

நிறுவன அடையாள அட்டையைக் காட்டி, பெட்டியைச் சரிபார்க்க வந்திருப்பதாகச் சொன்னேன். உள்ளே விட்டார்கள். கடைசி அறையில் இரண்டு கட்டில். ஒன்றில் ஆவுடையப்பன் கூரையைப் பார்த்துக் கிடந்தார். தலை படியச் சீவி, நெற்றியில் திருநீறு. தொண்டையில் குழாய். இன்னொன்றில் விரிப்பை எடுத்துவிட்டு வெறும் ரப்பர் மெத்தை. இரண்டுக்கும் நடுவே சுவரில் ஒரு ஃபேன், அந்தக் காலிக் கட்டிலைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது.

ஆவுடையப்பனைப் பார்த்துக்கொள்பவள் ஜெபமணி. என் வயதுதான் இருக்கும். கையில் துண்டும் தண்ணீர்க் கிண்ணமும் வைத்திருந்தாள்.

"மிஷினு பாக்கவா வந்தீய? நாளையோட அதுக்கும் வேலை முடிஞ்சிரும்லா," என்றாள்.

"இவர் உங்களுக்குப் பதில் சொல்வாரா?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியாது.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "சொல்வாரு. ஒரு கேள்வி கேட்டுட்டுத் தலை சீவ ஆரம்பிப்பேன். சீவி முடிக்கதுக்குள்ள கண்ணை மேல தூக்குனாருன்னா ஆமா. தூக்கலைன்னா இல்லை. கேட்டதும் பதில் வேணும்னா வராது மேடம். கேட்டுட்டு நாம பாட்டுக்கு ஒரு வேலையைப் பாக்கணும்."

"டாக்டர்கிட்ட சொல்லலையா?"

"சொன்னேனே. அது சும்மா துடிக்கதுன்னுட்டாவ. மிஷினே இல்லைன்னு எழுதிக் குடுத்திருக்கு, ஆயா சொல்லியா கேப்பாவ?"

"அந்தக் கட்டில்காரர்?"

"சவரி அண்ணனா? பாவம், அவருக்கு இமையே அசையாது. அரைக்கண்ணு தொறந்தபடியே கிடப்பாரு. எத்தனை தலை சீவுனாலும் ஒண்ணும் தெரியாது. கண்ணு மட்டும் செவந்து செவந்து போவும், சொட்டு மருந்து விட்டுக்கிட்டே இருப்பேன்." அவள் ஃபேனைப் பார்த்தாள். "இந்தக் காத்தாடிக்குத் தலையாட்டம் நின்னு போச்சு. அண்ணாச்சிக்குக் காத்து வேண்டாம்னு கண்ணால சொல்லிட்டாரு. சவரி அண்ணனுக்காவது கிடைக்கட்டும்னு அந்தப் பக்கமே திருப்பி வச்சிட்டேன். நேத்து இருந்த மாதிரியே கிடக்கு, அணைக்கவும் மனசு வரல."

நான் மடிக்கணினியைப் பெட்டியோடு இணைத்தேன். அந்த வரி இல்லாத, புள்ளி வைக்கிற நிரலை அதில் ஏற்றத் தொடங்கினேன்.

"என்னதான் செய்யப்போறீய?"

மறைக்க எனக்குத் தெம்பில்லை. "நம்ம எழுத்து ஒண்ணு மூணு துண்டா வரும்கா. மூணும் சேர்ந்தாத்தான் எழுத்து. இவர் மாதிரி மெதுவா நினைக்கறவங்களுக்கு ஒரு துண்டு வந்து கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் அடுத்த துண்டு வரும். முதல் துண்டைப் பாத்ததுமே இது எழுத்து இல்லைன்னு மிஷின் வீசிரும். நான் அப்படி எழுதி வச்சிருந்தேன்."

"மிச்சம் வார வரைக்கும் கையில வச்சிருக்க வேண்டியதுதான?"

"ஆமா."

"அதுக்கென்ன பெரிய படிப்பா வேணும்?"

"வேண்டாம்," என்றேன்.

அவள் துண்டைக் கிண்ணத்தில் முக்கினாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அப்போது கதவருகே செருப்புச் சத்தம் கேட்டது. ஒல்லியாக ஒரு பெண்மணி, கையில் ஜவுளிக்கடைப் பை. ஆவுடையப்பனின் மனைவி கோமதி. கட்டில் பக்கம் பார்க்காமல் நேரே ஜெபமணியிடம் வந்தாள்.

"புது வேட்டி வாங்கிட்டு வந்திருக்கேன். நாளைக்குக் காலையில குளிப்பாட்டி இதைக் கட்டிவிட்டுரு. மயில்கண் கரை, அவியளுக்குப் பிடிக்கும்."

"அவருகிட்டயே காட்டுங்களேன் மைனி."

"காட்டி? ரெண்டு வருஷமா ஒரு வார்த்தை பேசல நான். உள்ள ஆளே இல்லைன்னு எழுதிக் குடுத்த பொறவு யாருகிட்டப் பேச?" சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அப்போதுதான் என்னைக் கவனித்தாள். "இவிய யாரு?"

நான் கட்டில் பக்கம் திரும்பி, "அண்ணாச்சி," என்றேன். "உங்களுக்கு எவ்வளவு நேரம் வேணும்னாலும் எடுத்துக்கிடுங்க. யாரும் அடுத்த கேள்வி கேக்க மாட்டோம். நீங்க சொல்லுங்க."

திரை காலியாக இருந்தது. பிறகு ஒரு புள்ளி விழுந்தது.

"இது என்ன புள்ளி?" என்றாள் கோமதி.

"இன்னும் முடிக்கலைன்னு அர்த்தம்."

புள்ளி மறைந்து 'அ' வந்தது. மறுபடி புள்ளி. ஜெபமணி துண்டைப் பிழிந்துகொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கிண்ணத்தில் தண்ணீர் சொட்டியது. எழுத்து எழுத்தாக ஒரு வாக்கியம் சேர ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஆனது.

'அந்த வேட்டி எனக்கா'

கோமதி முதலில் செய்தது, பையைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் ஒளித்ததுதான். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். "எனக்குத் தெரியாதே. எனக்கு யாரும் சொல்லலையே. நான் கையெழுத்துல்லா போட வந்தேன்..." ஜெபமணி ஓடிப் போய்க் கையைப் பிடித்தாள். திரையில் மறுபடி புள்ளிகள் வந்துகொண்டிருந்தன. நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

'அழாத. கரை நல்லாருக்கு'

அவள் எழுந்து போய் அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது, அழுதேன். சந்தோஷமாக இருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் ஒரு ஐந்து நிமிடம் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தச் சூட்டிலேயே வாரியத்துக்கு எழுதிய கடிதத்தை அனுப்பினேன். காப்பகத்து மருத்துவர் வந்து திரையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பவும் பார்த்தார். நாளைக்குத் தேர்வும் இல்லை, ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு யாருக்கோ போன் செய்ய வேகமாக வெளியே போனார்.

கோமதி இரண்டு வருடத்துப் பேச்சையும் ஒன்றாகக் கொட்டிக்கொண்டிருந்தாள். மகள் கல்யாணம், பேரன், பட்டறையில் வேலை பார்த்தவன் வெளிநாடு போனது. அவர் கேட்டுக்கொண்டு கிடந்தார். அவள் மூச்சு வாங்க நிறுத்தியபோது திரையில் புள்ளி விழுந்தது.

'ச' என்று வந்தது.

புள்ளி. 'சவ'. புள்ளி. 'சவரி'.

அவர் என்ன கேட்கப்போகிறார் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஆறடி தூரத்தில், மூன்று வருடமாகப் பக்கத்தில் கிடந்தவர். இவரும் அசைய முடியாது, அவரும் அசைய முடியாது. நேற்று இந்த அறையில் இருபது கேள்வி கேட்கப்பட்டதையும், அதன் பின்பு அந்த இயந்திரத்தின் சத்தம் நின்றதையும் இவர் கேட்டுக்கொண்டுதானே கிடந்திருப்பார்.

பழைய நிரலும் அதே மடிக்கணினியில்தான் இருந்தது. ஒரு விசையைத் தட்டினால் போதும், அந்த வரி திரும்பி வந்துவிடும். புள்ளி நின்றுவிடும். கேள்வி வராது. பெட்டி பழுது என்று சொல்லிவிட்டு, சாயங்காலமாக வேறு ஆளை அனுப்பிச் சரிசெய்யச் சொல்லலாம். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். என் விரல் அந்த விசை மேல் இருந்தது. இதை விசாரணையில் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன். ஐந்து வருடத்துக்கு முன்னால் சோம்பேறித்தனத்தில் எழுதிய வரியை, அந்த நிமிடத்தில் வேண்டுமென்றே எழுதத் தயாராக இருந்தேன்.

தட்டவில்லை. அதற்காக என்னை நல்லவள் என்று நினைக்க வேண்டாம். ஜெபமணி என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

'சவரியும் பேசினாரா'

"யாரு, சவரி அண்ணனா?" என்றாள் ஜெபமணி. "அவருக்கு ஒண்ணும் தெரியாதே அண்ணாச்சி. அவருதான்..." பாதியில் நிறுத்தி என் முகத்தைப் பார்த்தாள்.

"பேசினார்," என்றேன். "நேத்துப் பேசினார். மிஷின் இப்படி வீசுதுன்னு எனக்குத் திங்கக்கிழமையே தெரியும். நான் போன் பண்ணியிருக்கணும். பண்ணல."

கோமதி அழுகையை நிறுத்திவிட்டாள். அறையில் ஃபேன் சத்தமும் ஆவுடையப்பனின் சுவாச இயந்திரச் சத்தமும் மட்டும் கேட்டன. திரையில் புள்ளி விழுந்தது, எழுத்து வந்தது, மறுபடி புள்ளி விழுந்தது. கேள்வி என்ன என்பது முதல் எழுத்திலேயே தெரிந்தாலும் முழுதும் வரும்வரை காத்திருந்தேன்.

'என்ன சொன்னாரு'

சவரிமுத்துவின் கோப்பு எனக்கு மனப்பாடம். பெயர் கேட்டதற்கும் ஊர் கேட்டதற்கும் அவர் பதிலே சொல்லவில்லை. இரண்டு வருடம் சொல்லிப் பார்த்துச் சலித்துப் போயிருக்கலாம். இருபது நிமிடத்தையும் ஒரே ஒரு விண்ணப்பத்துக்குச் செலவழித்திருந்தார். அதையே ஐந்து தடவை சொல்லியிருந்தார். ஐந்தாவது தடவை முடிவதற்குள் தேர்வு முடிந்துவிட்டது.

"'காத்தாடி மூஞ்சிக்கு நேரா அடிக்குது. கண்ணு எரியுது. கொஞ்சம் திருப்பிவிடச் சொல்லுங்க' அப்படின்னு சொன்னார்."

திரையில் ஒரு புள்ளி விழுந்தது. வெகுநேரம் அப்படியே நின்றது. மிச்சத் துண்டுகள் வரவில்லை. ஆவுடையப்பன் என்ன சொல்ல ஆரம்பித்தாரோ, அதை விட்டுவிட்டார்.

ஜெபமணி கிண்ணத்தைக் கீழே வைத்தாள். சுவரோரம் போய், காலிக் கட்டிலைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்த ஃபேனை இரண்டு கையாலும் பிடித்துச் சுவர்ப்பக்கமாகத் திருப்பினாள். திருப்பிய பிறகும் கையை எடுக்காமல் அங்கேயே நின்றாள்.